பதினோரு சும்மா

சாந்தாமணியின் கோப்பில் அந்த வரியைப் படித்ததும் எனக்கு மூக்கு சிவந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு மூக்குதான் முதலில் சிவக்கும். அதைப் பார்த்ததும் என் பிரிவில் இருப்பவர்கள் டீ குடிக்கப் போகிற சாக்கில் எழுந்து போய்விடுவார்கள். வரி இதுதான்: "நோயாளி பொய்த் தகவல் அளித்தவர்." நான்கே சொற்கள். அந்த நான்கு சொற்களை எழுத மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து பேசியிருந்தார்கள்.

இந்த முத்திரை ஒருமுறை விழுந்துவிட்டால் கதை முடிந்தது. எங்கள் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி மட்டுமல்ல, 'இரட்டை' வைத்திருக்கிற எந்த ஆஸ்பத்திரியும் அந்த ஆளை மறுபடி ஆபரேஷன் மேசையில் ஏற்றாது. இரட்டை இல்லாத ஆஸ்பத்திரி இப்போது எங்கே இருக்கிறது? சாந்தாமணிக்கு இடது முட்டி மாற்றியாகிவிட்டது. வலது முட்டி பாக்கி. அது தேய்ந்துபோய் எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. முத்திரையோடு வீட்டுக்குப் போனால் மிச்ச வாழ்நாள் முழுக்க அந்தம்மா நொண்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

இரட்டை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான் எம்.ஏ. தமிழ். 'தமிழ் படிச்சு என்ன பண்ணப் போற' என்று கேட்ட சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நான் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்ததும் வாயடைத்துப் போனார்கள். முதல் நாளில் பிரிவுத் தலைவர் டாக்டர் ஹரிகரசுதன்தான் எனக்கு எல்லாவற்றையும் விளக்கினார்.

"ஆபரேஷன் ஆனவங்களுக்குப் பெரிய எதிரி எது தெரியுமா பூங்கோதை? அசையாம இருக்கறது. கெண்டைக்கால் சதை அசைஞ்சாத்தான் கால்ல இருக்கற ரத்தம் மேல ஏறும். இல்லைன்னா தேங்கும். தேங்குனா, பால் உறையற மாதிரி உறைஞ்சுடும். அந்தக் கட்டி கழண்டு நுரையீரலுக்குப் போச்சுன்னா ஆளே காலி."

"அதைக் கம்ப்யூட்டர் எப்படி சார் முன்கூட்டியே சொல்லும்?"

"ஸ்கேன் எடுத்து அவங்க ரத்தக் குழாய் ஒவ்வொண்ணையும் உள்ள அப்படியே கட்டிடறோம். அகலம், வளைவு, வால்வு எல்லாம். அதுல ரத்தத்தை ஓட விடறோம். அதான் இரட்டை. வீட்ல அந்தம்மா நடந்தா உள்ள இருக்கற அந்தம்மாவும் நடப்பாங்க. படுத்தா படுப்பாங்க. எந்த எடத்துல ரத்தம் சுணங்குதுன்னு ரெண்டு நாள் முன்னாடியே தெரிஞ்சுடும். அதுக்குத் தகுந்தபடி ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரையைக் கூட்டியோ குறைச்சோ குடுத்துடலாம்."

"வீட்ல அவங்க நடந்தாங்களா படுத்தாங்களான்னு உள்ள இருக்கறதுக்கு யார் சொல்லுவாங்க?"

"அதுக்குத்தான் உங்களை எடுத்திருக்கோம்" என்றார் சிரித்தபடி.

முதலில் நோயாளிகளின் கையில் பட்டை கட்டிப் பார்த்திருக்கிறார்கள். பாத்திரம் கழுவினால் நனைந்துவிடும் என்று பெண்கள் அதைக் கழற்றி பீரோவில் நகையோடு பத்திரமாக வைத்துவிட்டார்கள். பீரோவுக்கு அசைவே இல்லை, உடனே ஆம்புலன்ஸ் அனுப்பு என்று இரட்டை கூச்சல் போட்டிருக்கிறது. அதன்பிறகுதான் ஃபோன் வந்தது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு குரல் கூப்பிட்டு, இன்று பகல் முழுவதும் என்ன செய்தீர்கள் என்று கேட்கும். அவர்கள் சொல்கிற சொற்களை எண்களாக்கி இரட்டைக்குக் கொடுக்க வேண்டும். எந்தச் சொல்லுக்கு எந்த எண் என்று முடிவு செய்வது எங்கள் மொழிப் பிரிவின் வேலை. நடந்தேன் என்றால் இவ்வளவு, உட்கார்ந்திருந்தேன் என்றால் இவ்வளவு, படுத்தே கிடந்தேன் என்றால் பூஜ்யம். இரட்டை கணக்குப் போட்டதும் நோயாளி வீட்டிலுள்ள மாத்திரைப் பெட்டி தானே திறந்து, அன்றைக்கு எத்தனை மாத்திரையோ அத்தனையை மட்டும் வெளியே தள்ளும்.

சாந்தாமணியின் வீடு அன்னூர் பக்கம். பெட்டி முதல் நாள் ஒரு மாத்திரை தள்ளியிருக்கிறது. நான்காம் நாள் இரண்டு. எட்டாம் நாள் மூன்று. பதினோராம் நாள் ராத்திரி முட்டி குடம் மாதிரி வீங்கி, தொடை கறுத்து, சுயநினைவு இல்லாமல் கொண்டுவந்தார்கள். ரத்தம் உறையவே முடியாத அளவுக்கு நீர்த்து, மூட்டுக்குள்ளேயே கசிந்து நிறைந்திருந்தது. ஆறு பாட்டில் ரத்தம் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். இரட்டையில் பிழையில்லை, நோயாளி தான் ஓய்வில் இருந்ததாகப் பொய் சொல்லியிருக்கிறார் என்று விசாரணைக் குழு எழுதிவிட்டது.

பொய் சொல்லி அந்தம்மாவுக்கு என்ன ஆகப்போகிறது? நான் பதினோரு நாள் ஒலிப்பதிவையும் எடுத்துக் கேட்டேன். பதினோரு நாளும் ஒரே பதில்தான்.

"சும்மாத்தான் கண்ணு இருந்தேன்."

சலித்துக்கொள்ளாமல், ஒவ்வொரு நாளும் அந்த இயந்திரக் குரலை அவர் கண்ணு என்றுதான் கூப்பிட்டிருந்தார். சுத்தமான பதிவு. அவர் குரலைத் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதுவே எனக்கு இடித்தது. எந்த வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு இத்தனை அமைதி? சுத்தம் செய்வதற்கு முந்தைய மூலப் பதிவைத் தோண்டி எடுத்தேன். அதில் குக்கர் விசில் அடித்தது. குழாயில் தண்ணீர் கொட்டியது. பாத்திரம் உருண்டது. மாடு கத்தியது. ஒரு குழந்தை சட்னி வேண்டாம் என்று அழுதது. இது எல்லாவற்றையும் இரைச்சல் என்று சொல்லி எங்கள் கருவி வழித்து எறிந்துவிட்டுத்தான் இரட்டையிடம் பதிலைக் கொடுத்திருக்கிறது.

காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு நேராக மூன்றாம் மாடி வார்டுக்குப் போனேன்.

சாந்தாமணிக்கு அறுபது வயதிருக்கும். வெளுத்துப்போய்ப் படுத்திருந்தார். பக்கத்தில் அவர் வீட்டுக்காரர் வேலுச்சாமி, மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொல்லிக்கொண்டேன்.

"ஏனுங்கம்மா, ஃபோன்ல கேட்டப்ப சும்மா இருந்தேன்னு சொன்னீங்களே?"

"ஆமாங்கண்ணு. சும்மாத்தான இருந்தேன்."

"பத்தாம் நாள் ஞாபகம் இருக்குதுங்களா? எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க."

"என்னத்தச் சொல்றது? நாலரைக்கு எந்திரிச்சு வாசல் தொளிச்சேன். ஸ்டூல் போட்டு உக்காந்து ரெண்டு மாட்டுலயும் பால் கறந்தேன். மருமக காலைல ஷிப்டு, அவளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் குடுத்தேன். பேரனக் குளிக்க வாத்து வேனுக்குத் தாட்டி உட்டேன். இவிங்களுக்கு இட்லி ஊத்துனேன். அன்னிக்கு ஆத்துத் தண்ணி வுடற நாளு. பத்துப் பதினஞ்சு கொடம் புடிச்சுத் தொட்டியில ஊத்துனேன்."

"வாக்கர் குடுத்தாங்களே, அதைப் புடிச்சுட்டுத்தான நடந்தீங்க?"

"வாக்கரப் புடிச்சா கொடத்தை எதுல கண்ணு புடிக்கறது?"

நான் குடக் கணக்கைக் குறித்துக்கொண்டேன்.

"அப்பறம் துணி அலசுனேன், மத்தியானத்துக்கு ஆக்குனேன், பூண்டு உரிச்சேன். பொழுதோட மறுக்கா மாடு, மறுக்கா அடுப்பு. அவ்வளவுதான். வேலைன்னு ஒண்ணும் செய்யல கண்ணு. டாக்டர் ஓய்வுன்னு சொல்லியிருக்கறாங்கன்னு காட்டுப் பக்கமே போகல."

"நானும் உடலீங்க மேடம்" என்றார் வேலுச்சாமி, ரொம்பப் பொறுப்பாக. "புல்லறுக்கப் போறேன்னா. வேண்டாம், ஊட்லயே சும்மா இருன்னு சொல்லிப்போட்டேன்."

அந்த மனிதரை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் வாயைத் திறப்பதற்குள் வேறு ஒரு கேள்வி குறுக்கே வந்து விழுந்தது. சும்மா என்ற சொல்லுக்குப் பூஜ்யம் போட்டது யார்? கீழே ஓடிவந்து சொற்பட்டியலைத் திறந்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே எண் கொடுத்தவரின் முதலெழுத்து இருக்கும். சும்மா இருத்தல், செயலின்றி இருத்தல், பூஜ்யம். எதிரே பூ.கோ. என்று இருந்தது.

நான்தான். ஆறு வருடத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரத்தில் போட்டிருக்கிறேன். இரண்டு அகராதியைப் புரட்டி, ஞானிகள் சும்மா இருப்பதைப் பற்றிச் சொன்னதையெல்லாம் மேற்கோள் காட்டி, ஒரு பக்கத்துக்கு விளக்கம் வேறு எழுதியிருந்தேன். டாக்டர் ஹரிகரசுதன் அதைப் படித்துவிட்டுக் கை குலுக்கினார். என் அம்மா நாள் முழுக்க அடுப்படியில் வெந்துவிட்டு, யாராவது கேட்டால் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன் என்று சொன்னதை முப்பது வருடம் கேட்டு வளர்ந்தவள் நான். அகராதியைப் பார்த்தவள் அம்மாவை நினைக்கவில்லை. அவமானத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்புறம் எழுந்து டாக்டர் அறைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்பதையும் சொன்னேன். டாக்டர் ஹரிகரசுதன் கெட்ட மனிதர் இல்லை. நிதானமாகக் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார்.

"இரட்டை வந்ததுக்கப்பறம் நம்ம ஆஸ்பத்திரில கட்டி அடைச்சு எத்தனை பேர் செத்தாங்க தெரியுமா? ஆறு வருஷத்துல ரெண்டு பேர். முன்னாடி வருஷத்துக்கு முப்பது, நாப்பது. இப்ப போய் இரட்டை காதுல கோளாறுன்னு சொன்னா நாளைக்கு ஒருத்தரும் அந்த மாத்திரையைத் தொடமாட்டாங்க. மறுபடி சாவாங்க. அதுக்கு யார் பொறுப்பு, நீங்களா?"

"அதுக்காக அந்தம்மா பொய்க்காரியாகணுமா சார்?"

"வேண்டாம். வழி இருக்கு. கேள்வி சரியாப் புரியாம பதில் சொல்லிட்டேன்னு ஒரு வரில கையெழுத்துப் போடட்டும். முத்திரையை எடுத்துடறோம். வலது முட்டியும் பண்ணிடலாம். உங்க பேரும் வராது. சொல்லை நாம அப்பறமா சத்தமில்லாம திருத்திக்கலாம்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. எல்லோருக்கும் தப்பித்துக்கொள்ள வழி கிடைக்கிறதே என்று ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை பதினோரு மணிக்குச் சாந்தாமணியைச் சக்கர நாற்காலியில் குழுவின் அறைக்குத் தள்ளிவந்தார்கள். மூன்று டாக்டர்கள், ஒரு மேசை, ஒரு தாள், ஒரு பேனா. டாக்டர் ஹரிகரசுதன் அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டினார். சாந்தாமணி கவனமாகக் கேட்டார்.

"இன்னொருக்காப் படிங்க" என்றார்.

படித்தார்.

"எனக்குக் கேள்வி நல்லாத்தானுங்க புரிஞ்சுது. பகல் பூரா என்ன பண்ணுனீங்கன்னு கேட்டாங்க. எங்கூர்ல எந்தப் பொம்பளையக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவா. புரியாமப் போனது உங்களுக்குத்தானுங்க. அப்ப நீங்கதான கையெழுத்துப் போடோணும்?"

குழுவில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா, இது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்குத்தான்" என்றார்.

"அந்த வார்த்தைய நீங்க சொல்லாதீங்க" என்றார் சாந்தாமணி.

"போட்டுடு சாந்தா" என்று வேலுச்சாமி கெஞ்சினார். "கால் முக்கியமில்லையா?"

"நீங்க செத்த பேசாம இருங்க. ஏனுங் டாக்டர், போடலைன்னா இந்த முட்டிய அறுக்கமாட்டீங்க, அவ்வளவுதானுங்களே? நொண்டிக்கிட்டே போறேன். ஆறு பாட்டில் ரத்தம் ஏத்தியிருக்கறீங்க எனக்கு. நாந்தான் தப்புன்னு நானே எழுதிக் குடுத்துப்போட்டு, அப்பறம் நேரா நடந்து எங்க போகப் போறேன்?"

பேனாவை மேசைமேல் தள்ளிவிட்டு, நாற்காலியைத் திருப்பச் சொன்னார். முட்டியைக் கையால் பிடித்திருந்தார். வலி அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

அந்த அம்மா ஒரு காலையே விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறார். நான் என் பேர் வெளியே வராது என்று நிம்மதிப்பட்டுக்கொண்டிருக்கிறேன். தூ என்றிருந்தது எனக்கு.

எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு. ஒரு சொல்லுக்கு எண் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் அதை ஐயச்சொல் என்று குறிக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. குறித்த நொடியிலிருந்து இரட்டை அந்தச் சொல்லைக் காதில் வாங்காது, முன்பு வாங்கியதும் செல்லாது. அந்தச் சொல்லைச் சொன்ன ஒவ்வொரு நோயாளியிடமும் ஒரு டாக்டர் தானே பேசி உறுதி செய்யும்வரை மாத்திரைப் பெட்டி திறக்காது. அதுவரை ஒரே ஒரு முறைதான் இதை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். கால் கடுப்பு என்பதைக் கோபம் என்று போட்டுவிட்டார்களாம்.

என் இடத்துக்குப் போனேன். பட்டியலைத் திறந்து என் முதலெழுத்துக்குப் பக்கத்தில் ஐயச்சொல் என்று குறித்தேன். நிச்சயமா என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

டாக்டர் ஹரிகரசுதன் கேட்டதில் நியாயம் இருந்தது. நிஜமாகவே படுத்துக் கிடந்து, நிஜமாகவே மாத்திரை தேவைப்படுகிற யாரையாவது அந்தச் சாயங்காலத்துக்குள் கூப்பிட முடியாமல் போயிருந்தால், அந்த உயிர் என் கணக்கில்தான். அது எனக்குத் தெரிந்தேதான் செய்தேன்.

அடுத்த நிமிடம் சுவரில் இருக்கிற பெரிய திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக அணைய ஆரம்பித்தன. சத்தி, பவானி, பல்லடம், காங்கேயம், பொள்ளாச்சி. நான் ஐம்பது, அறுபது இருக்கும் என்று நினைத்திருந்தேன். அறுநூற்று நாற்பதில் போய் நின்றது. அதில் ஆண்கள் இருபத்தொன்பது பேர். மற்ற அத்தனை பேரும் பெண்கள்.

டாக்டர் ஹரிகரசுதன் ஓடிவந்தார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் அவர் அன்றுதான் குரலை உயர்த்தினார் என்று நினைக்கிறேன்.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க தெரியுமா? அறுநூறு பேர். ஆறு மணிக்குள்ள யார் பேசறது?"

"டாக்டருங்க எல்லாம் சும்மாதான சார் இருக்கீங்க" என்றேன்.

வேலை போனது அந்த வாக்கியத்தால்தான் என்று பிற்பாடு சொன்னார்கள்.

ஆனால் பேசினார்கள். பேசாமல் வேறு வழி? எலும்பு டாக்டர், இதய டாக்டர், பயிற்சி டாக்டர்கள், அந்தக் குழுவின் மூன்று பேர், எல்லோரும் ஆளுக்கொரு ஃபோனை எடுத்துக்கொண்டு மொழிப் பிரிவில் வந்து உட்கார்ந்தார்கள். டாக்டர் ஹரிகரசுதனும் உட்கார்ந்தார். சத்தியமங்கலத்தில் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன ஒரு பெண் அவருக்கு முதலாவதாக வந்தாள். நேற்று காலையிலிருந்து என்னம்மா பண்ணுனீங்க என்று கேட்டார். சும்மாதான் இருந்தேன் என்று சொல்லியிருப்பாள்போல. இல்லம்மா, எந்திரிச்சதுல இருந்து ஒவ்வொண்ணாச் சொல்லுங்க என்றார். பிறகு பேனாவை எடுத்தார். எழுதிக்கொண்டே இருந்தார். தாளின் ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் திருப்பினார். ஃபோனை வைத்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தப் பொண்ணுக்கு நாளைக்கு நாலு மாத்திரை போயிருக்கும்" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

அன்று ஆறு மணிக்குள் அறுநூற்று நாற்பது பேரிடமும் பேசி முடித்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நான் நல்லவள் என்பதால் இல்லை, என் அதிர்ஷ்டம். நூற்றுப் பதினெட்டுப் பெண்களுக்கு மாத்திரையைப் பாதிக்கும் கீழே இறக்கினார்கள். பன்னிரண்டு பேரை உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். அவர்களுக்கு ஏற்கனவே உள்ளே கசிய ஆரம்பித்திருந்தது.

சாந்தாமணியின் முத்திரையை யாரும் எடுக்கவில்லை, அது தானாகவே உதிர்ந்தது. ஐயச்சொல்லை விதிப்படி யாரும் தகவலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பதினோரு நாளும் அவர் வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அப்படியானால் அவர் தகவலே கொடுக்கவில்லை. கொடுக்காத தகவல் எப்படிப் பொய்யாகும்? மறுநாள் நான் என் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது அந்த நான்கு சொற்களையும் அழித்தார்கள். வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் வரும் என்று சாந்தாமணி ரொம்ப நாள் எதிர்பார்த்தார். வரவில்லை.

ஐந்து மாதம் கழித்து அவருக்கு வலது முட்டி ஆபரேஷன். கூட வாங்கண்ணு என்று கூப்பிட்டிருந்தார், போனேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை ஒரு நர்ஸ் வந்தாள். புதிதாகச் சேர்ந்தவள். கையில் ஒரு நீளமான படிவம். இப்போது இரட்டையைக் கட்டுவதற்கு முன்னாலேயே நேரில் வந்து கேட்டு எழுதுகிறார்கள்.

"சாதாரணமா ஒரு நாள்ல வீட்ல என்னென்ன செய்வீங்கம்மா?"

சாந்தாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலரை மணியிலிருந்து ஆரம்பித்தார். வாசல், மாடு, டிபன் பாக்ஸ், வேன், தண்ணீர், துணி. வேலுச்சாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நர்ஸ் வேகமாக எழுதிப் பார்த்தாள். மத்தியானம் வருவதற்குள்ளேயே கட்டத்தில் இடம் தீர்ந்துவிட்டது. இன்னும் பதினெட்டுப் படுக்கை பார்க்க வேண்டியிருந்தது அவளுக்கு.

"கொஞ்சம் சுருக்கமாச் சொல்லுங்களேம்மா" என்றாள்.

"சுருக்கமெல்லாம் முடியாது கண்ணு" என்றார் சாந்தாமணி. "இன்னொரு தாள் எடு. எழுது."